நோ மாடிஃபை, ஒன்லி அட்ஜஸ்ட்!

ஆங்கிலேயர்கள் இந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது தங்கள் மொழியை யாரிடமாவது பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தால், அது எங்கள் அட்ஜஸ்ட் சாரின் பரம்பரையாகத்தான் இருக்க வேண்டும். முழு மொழியும் அல்ல, மாற்றுவது சம்பந்தப்பட்ட வினைச்சொற்கள் மட்டும். சேஞ்ச், ஆல்டர், அமெண்ட், மாடிஃபை, கன்வர்ட், ரீப்ளேஸ் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறதல்லவா? அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் காவல்காரர். மிச்ச ஆங்கிலத்தை நாம் நடுத்தெருவில் வைத்துக் கொலை செய்தாலும், "அது என் டிபார்ட்மென்ட் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைவார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கான ரப்பர் பாகங்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. அதில் நான் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். பக்கத்து மேஜை அவருடையது. கம்பெனியிலிருந்து வெளியே போகும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் அவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் நகரும். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர். வீடு திருவள்ளூர். அப்பாவும் அண்ணனும் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள். இவர் மட்டும் ரப்பர் வாசனைக்கு வந்து சேர்ந்துவிட்டார். வந்த இடத்திலும் விடவில்லை. ஜாதகம் பார்ப்பது போல வினைச்சொல்லுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் பொருத்தம் பார்ப்பார். பொருந்தாவிட்டால் காகிதம் திரும்பி வரும். ஜெனரல் மேனேஜர் எழுதியதென்றால் இன்னும் வேகமாகத் திரும்பும்.

அட்ஜஸ்ட் சார் என்ற பெயர் அவருக்கு விழுந்தது கம்பெனி பஸ்ஸில். திருவள்ளூரில் ஏறி, பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ். ஒருநாள், புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர் மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில் நின்றுகொண்டு பணிவாகக் கேட்டார்.

"சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு உக்காருங்களேன்."

"எதை?"

"எதைன்னா... இன்னா சார்?"

"எதை அட்ஜஸ்ட் பண்ணணும்? கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணலாம். ரேடியோ சத்தத்தை அட்ஜஸ்ட் பண்ணலாம். பெல்ட்டை அட்ஜஸ்ட் பண்ணலாம். ஒரு பொருள் அதே பொருளா இருக்கும், கொஞ்சம் கூட்டுவோம், கொஞ்சம் குறைப்போம். அதுக்குப் பேர்தான் அட்ஜஸ்ட். என் இடுப்புல எங்கயாவது திருகு இருக்கா, பாருங்க!"

அந்த அப்பாவி நிஜமாகவே குனிந்து அவர் இடுப்பைப் பார்த்தார். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. டிரைவர் கியரை விட்டுவிட்டு, "நைனா, இருந்தா சொல்லு, நான் ஸ்பானர் தரேன்!" என்று குரல் கொடுத்தார். சார் சட்டை செய்யவில்லை. உடையை ஏன் ஆல்டர் செய்கிறோம், சட்டத்தை ஏன் அமெண்ட் செய்கிறோம், கோயிலை மண்டபமாக்கினால் ஏன் கன்வர்ட் என்று பிரசங்கம் தொடர்ந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஃபிட்டர் எல்லாவற்றையும் கேட்டார். கவரைப்பேட்டை வந்த பிறகுதான் சார் நிமிர்ந்து பார்த்து, "ஏன் நிக்கறீங்க? உக்காருங்களேன்" என்று தாராளமாக நகர்ந்து இடம் கொடுத்தார். அன்று மாலைக்குள் செக்யூரிட்டி முதல் கேன்டீன் வரை அவருடைய நிஜப்பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

கேன்டீன் என்றதும் ஞாபகம் வருகிறது. 'திங்கட்கிழமை முதல் கேன்டீன் மெனு அமெண்ட் செய்யப்படுகிறது' என்று பர்சனல் மேனேஜர் ஓர் ஆங்கில அறிவிப்பை ஒட்டினார். சார் அதன் முன்னால் நின்றுகொண்டு, சாப்பிட வந்த கூட்டத்தை நகரவிடாமல், "இட்லி என்ன அரசியல் சட்டமா? இதை அமெண்ட் பண்ண டெல்லியில மெஜாரிட்டி வேணாமா?" என்று முழங்கினார். அறிவிப்பு அன்றே மாறிவிட்டது. ஆனால் சொல் மட்டும் கேன்டீனில் தங்கிவிட்டது. அதற்கப்புறம் எப்போது சாம்பாரில் தண்ணீர் தூக்கலாக இருந்தாலும், "மாஸ்டர், இன்னிக்கு சாம்பாரை அமெண்ட் பண்ணிட்டியா?" என்று நாலு திசையிலிருந்தும் குரல் வரும். மாஸ்டர் அவரை வாழ்நாள் எதிரியாக அறிவித்தார்.

ஆனால் அவருடைய உண்மையான எதிரி ஸ்டெல்லா.

ஸ்டெல்லா பிரஸ் மெஷின் லைனுக்குத் தலைவி. ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தும் பெரிய மெஷின்கள் அவை. நாற்பதைத் தாண்டியவர், கணீரென்ற குரல். அவருடைய அப்பா அம்மா காலத்தில் இதே தொழிற்பேட்டை இருந்த இடத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். இப்போது ஸ்டெல்லாவின் அதட்டலுக்கு மெஷின்களே பயந்து ஓடுகிற மாதிரி இருக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் பலகையில் அவ்வப்போது நடந்ததை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் 'சேஞ்ச்' என்றே எழுதுவார். சார் கீழே இறங்கி வந்து அழிப்பார். ஸ்டெல்லா மறுபடி எழுதுவார்.

"இன்னா சார் உனக்கு வேற வேலையே இல்லியா? எங்களுக்கு எல்லாமே ஒரே மாத்துதான். துணி மாத்து, பல்பு மாத்து, பஸ்ஸு மாத்து, ரூபா மாத்து, கல்யாணத்துல மோதிரம் மாத்து. ஒரு வார்த்தையில ஊரே பொழைச்சிக்கினு கீது. நீ இன்னாடான்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு வெச்சிக்கினு பேஜாரு பண்றே!"

"தமிழுக்கு மாத்து ஒண்ணு போதும்மா, அது ராஜா. ஆனா நீங்க எழுதறது இங்கிலீஷ். அங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனி ஜோடி இருக்கு. பிரிச்சா பாவம்."

வாரக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மற்ற லைன்காரர்கள் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் ஸ்டெல்லா பொறுமை இழந்து, கையுறையைக் கழற்றி மேஜைமேல் அடித்தார்.

"நிறுத்து சார். எனக்குப் புரிஞ்ச மாதிரி நானே சொல்றேன். புடவைக் கொசுவத்தை ஏத்தி எறக்கிக் கட்னா அட்ஜஸ்ட். ஜாக்கெட்டு லூசாகீதுன்னு பிரிச்சிப் புடிச்சித் தெச்சா ஆல்டர். அதே ஜாக்கெட்டுக்கு முதுகுல ஜன்னல் வெச்சா மாடிஃபை. கிழிஞ்சி போச்சின்னு தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினா ரீப்ளேஸ். ரைட்டா? இப்பவாச்சும் என்னை விடுவியா?"

சார் தன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "எம்.ஏ.வுல எனக்கு இப்படி ஒருத்தரும் சொல்லலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே மாடியேறிப் போனார். மறுநாளிலிருந்து லைனில் எல்லாப் பெண்களும் ஜாக்கெட் கணக்கிலேயே பலகை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பலகையை அழிக்க வேலையில்லாமல் சாருக்குக் கொஞ்சநாள் கை நமநமவென்று இருந்தது.

அந்த வருஷம் மழை அதிகம். காற்றில் ஈரம் ஏறியதால் ரப்பர் சரியாக வேகவில்லை. ஸ்டெல்லாவும் சூப்பர்வைசரும் பேசி, மெஷினின் சூட்டுக் குமிழை அனுமதிக்கப்பட்ட கோட்டுக்குள்ளேயே கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். அப்போது சார் பிரம்மோற்சவத்துக்காக லீவில் இருந்தார். எங்களுக்கு வந்திருந்த புது பிளான்ட் மேனேஜர் துடிப்பான மனிதர். நாங்கள் சும்மா இல்லை என்று காட்டுவதற்காக, வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனிக்குத் தன் கையாலேயே ஒரு மின்னஞ்சல் தட்டினார். 'செய்முறையை மாடிஃபை செய்து தரத்தை உயர்த்தியிருக்கிறோம்.'

கார் பாகம் செய்கிற உலகத்தில் அது வெடிகுண்டு. அட்ஜஸ்ட் என்றால் அவர்கள் ஒப்புக்கொண்ட எல்லைக்குள் கூட்டிக் குறைப்பது, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாடிஃபை என்றால் செய்முறையிலேயே கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். முன் அனுமதி இல்லாமல் அதைச் செய்தால் பாகத்தை வாங்கமாட்டார்கள். மறுபடி முதலிலிருந்து பரிசோதனை, அதற்கு மாதக்கணக்காகும்.

மறுநாளே பதில் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த எங்கள் கன்டெய்னரை அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். புதிய உற்பத்தியும் நின்றது. மேனேஜர் மின்னஞ்சல்மேல் மின்னஞ்சலாக விளக்கினார். அவர்கள் நம்பவில்லை. நேரில் பார்க்க ஓர் ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். மெஷின்கள் ஆறிப்போய்க் கிடந்தன. லைன் மூடினால் முதலில் வீட்டுக்குப் போகப்போவது கான்ட்ராக்ட் பெண்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சதா சிரிப்பும் சண்டையுமாக இருந்த லைனில், மின்விசிறிச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

லீவு முடிந்து நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு வந்த சார், அந்த மின்னஞ்சலைப் படித்தார். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"குமிழைத் திருகினதுக்கு மாடிஃபையா? கல்யாணத்துக்குப் போனவனைக் கருமாதிக்குப் போனான்னு எழுதின மாதிரி இருக்கே!"

மேனேஜருக்குக் கோபம். சோதனை நாளன்று சார் மாடியை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். வருகிறவரைப் பிடித்து வைத்துப் பாடம் எடுத்தால் இருக்கிற பிழைப்பும் போய்விடும் என்பது அவர் பயம். பயம் நியாயமானதுதான். நானும் சாரும் மாடிக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சார் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட இல்லை.

வந்தவர் ஓர் அம்மாள். உயரம், வெள்ளை முடி, சிரிக்காத முகம். மேனேஜர் ஏற்பாடு செய்திருந்த படக்காட்சியைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, நேராக லைனுக்கு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, படியிறங்கி ஓடி அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்த அம்மாள் ஸ்டெல்லாவுக்கு எதிரில் நின்றார். மெஷினைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். இந்த மெஷினை நீங்கள் மாடிஃபை செய்தீர்களா?

ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டு மொழிபெயர்த்துவிட்டார்.

"அதாவதும்மா, மெஷினை மாத்துனீங்களான்னு கேக்கறாங்க."

மாத்தினீங்களா என்று தமிழில் கேட்டால், சத்தியவான் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். குமிழை மாற்றியது உண்மை. ஒரு ஆமாம் போதும், எல்லாம் முடிந்தது.

ஸ்டெல்லா மேனேஜரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"சார், நீ கொஞ்சம் கம்முனு இரு. அந்தம்மா மாத்துனியான்னு கேக்கல. மாடிஃபையான்னு கேட்டாங்க. எனக்குக் காது கீது."

பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நோ மேடம். நோ மாடிஃபை. ஒன்லி அட்ஜஸ்ட்." குமிழைத் தொட்டுக் காட்டினார். "திஸ் டு திஸ். லைன் இன்சைட். மோல்டு, நோ ஆல்டர். ரப்பர், நோ ரீப்ளேஸ். மாடிஃபை மீன்ஸ்..." சொல் கிடைக்காமல் ஒரு கணம் திணறி, சட்டென்று திரும்பித் தன் முதுகைக் காட்டி, கையால் வட்டமாக ஒரு ஜன்னல் வரைந்தார். "பிளவுஸ், விண்டோ, மாடிஃபை! ஹியர் நோ விண்டோ மேடம்!"

அந்த அம்மாள் குனிந்து குமிழைப் பார்த்தார். அனுமதிக்கப்பட்ட எல்லைக் கோடுகளைப் பார்த்தார். பக்கத்து மெஷினுக்குப் போய் அங்கிருந்த பெண்ணைக் கேட்டார். "ஒன்லி அட்ஜஸ்ட் மேடம்." அடுத்த மெஷின். "அட்ஜஸ்ட் மேடம், நோ விண்டோ." லைன் முழுக்க அதே பதில். கடைசியில் அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். லைன் முழுவதும் அண்ணாந்து மாடி ஜன்னலைக் காட்டியது.

"அட்ஜஸ்ட் சார்!"

அழைத்து வரப்பட்ட சார், படியிறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்த அம்மாளுக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட மொழிதான். சின்ன வயதில் இதே சொற்கள் தன்னை அழவைத்ததாக அவர் சொன்னார். அதற்குப்பின் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். மாஸ்டர் பகையை மறந்து தன் கையாலேயே அவர்களுக்குப் பாயசம் பரிமாறினார்.

மாலையில் உத்தரவு வந்தது. கன்டெய்னர் கப்பலேறலாம், மெஷின்களை ஓட்டலாம். யாரோ ரப்பர் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்ட, லைன் முழுக்க அது பரவி, தொழிற்பேட்டையில் திருவிழா என்று பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா நடுவில் நின்று ஆட, சார் ஓரமாக நின்று, தாளம் தவறாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பிளான்ட் மேனேஜரும் நல்ல மனிதர்தான். ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு எழுதி, ஒப்புதலுக்காகச் சாருடைய மேஜைக்கே அனுப்பினார். ஆய்வுக்கு வந்தவரின் மைண்டை நீங்கள் சேஞ்ச் செய்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தது. சார் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். பேனாவை ஓங்கினார், இறக்கினார்.

"மைண்டுக்கு சேஞ்ச்தான். பத்துப் பொருத்தமும் இருக்கு!" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கம்பெனியின் வரலாற்றில் திரும்பிப் போகாத முதல் காகிதம் அதுதான்.

அவர் ஓய்வுபெற்றுச் சில வருஷங்களாகின்றன. நானும் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவள்ளூரிலிருந்து ஃபோன் வரும். முக்கியமான விஷயம் என்று ஆரம்பிப்பார், அப்படி எதுவும் இருக்காது. என்ன சமையல், அந்தப் பக்கம் மழை உண்டா, முட்டிவலி தேவலையா என்றுதான் பேச்சு. ஃபோன் வர பத்து மணி தாண்டினால் எனக்கு எந்த வேலையும் ஓடாது. நானே கூப்பிட்டுவிடுவேன்.