வெண்டெல் நோவிக்கி இறங்கி வந்த கதை

வரும் ஏப்ரலோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று வெண்டெல் நோவிக்கி தன் மனைவிக்கு நவம்பர் மாதம் வாக்குக் கொடுத்தார். மார்ச் மாதம் அதை மீறுவதென்று தீர்மானித்தார். இடையில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் காரணம். ஒன்றுமே நடக்காத பதினான்கு வாரங்களை அவர் வீட்டில் கழித்திருந்தார்.

வாக்குக் கொடுத்த இடம் ஆஸ்பத்திரிக் கட்டில். பயிற்சி மைதானத்துக்குப் போகும் நடைபாதையில் கையில் காப்பியோடு சரிந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போய், இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பை எடுத்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் பெர்னடின் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குரலை உயர்த்தவே தெரியாது. "எப்போ விடப்போற?" என்று மட்டும் கேட்டாள். அந்த நிலைமையில் எந்த ஆணும் என்ன சொல்வானோ அதைத்தான் வெண்டெலும் சொன்னார்.

பிறகு வீட்டுக்கு வந்தார். முதல் வாரம் தூங்கினார். இரண்டாம் வாரம் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். மூன்றாம் வாரம் பெர்னடின் அவற்றைப் பழையபடி மாற்றினாள். நான்காம் வாரத்திலிருந்து ஜன்னலருகே உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் பனி வாரும் முறையில் என்ன குறை என்று ஆராய்ந்தார். இனி சாகும்வரை இதுதான் என்று ஒரு நாள் திடீரென்று தோன்றியது. நவம்பரில் நெஞ்சு வலித்தபோதுகூட அவர் அவ்வளவு பயப்படவில்லை.

அவர் அமெரிக்காவில் டொலீடோ மில்லர்ஸ் என்ற கால்பந்து அணியின் பொது மேலாளர். பேருக்குத்தான் அது கால்பந்து, அந்த ஊரில் அதைக் கையால்தான் விளையாடுவார்கள். யாரை அணியில் எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் பதினேழு வருஷமாக அவர் கையில். ஒவ்வொரு ஏப்ரலிலும் நாட்டிலுள்ள எல்லா அணிகளும் வரிசையில் நின்று கல்லூரி வீரர்களைப் பல சுற்றுகளாக, சுற்றுக்கு ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் என்பார்கள். போன வருஷம் மோசமாகத் தோற்றவர்கள் வரிசையில் முன்னால் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் தன் இடத்தைப் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தையும், கூடவே அடுத்தடுத்த வருஷத்து இடங்களையும் வாங்கிக்கொள்ளலாம். இப்படிக் கீழே இறங்கும் வித்தையில் வெண்டெலை மிஞ்ச ஆள் கிடையாது. "மனுஷனுக்கு இரக்கம் கிடையாது, இறக்கம் மட்டும் உண்டு" என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வருஷம் மில்லர்ஸ் பன்னிரண்டு ஆட்டங்களில் தோற்று, வரிசையில் ஐந்தாவதாக நின்றது. அடுத்த வருஷத்துக்கோ கையில் ஒன்றுமில்லை. முழங்கால் தேய்ந்த ஒரு பழைய வீரருக்காக அடுத்த வருஷத்து முதல் சுற்று இடத்தை வெண்டெல் முன்பே தாரை வார்த்திருந்தார்.

ஜன்னலருகே அவர் போட்ட திட்டம் சுலபமானது. ஐந்தாம் இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஈடாக அடுத்த வருஷத்து முதல் சுற்று இடங்களைக் குவிக்க வேண்டும். இவ்வளவு பெரிய சொத்தை யாரிடம் நம்பி ஒப்படைப்பது என்று முதலாளி ஹாலோவெல் கவலைப்படுவார். இன்னும் ஒரே வருஷம் இரு என்று கெஞ்சுவார். முதலாளியே கெஞ்சும்போது பெர்னடின் என்ன செய்ய முடியும்? வாக்கை மீறியது வெண்டெல் இல்லை, சூழ்நிலை.

ஏப்ரல்வரை மட்டும் என்று மார்ச் தொடக்கத்தில் வேலைக்குத் திரும்பினார். இரண்டாம் வாரம், வறுத்த பெர்ச் மீனும் உருளைக்கிழங்குமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது பெர்னடினே பேச்சை எடுத்தாள்.

"அஞ்சாவது இடத்துல யாரை எடுக்கப்போற?"

இருபத்தாறு வருஷ மணவாழ்க்கையில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. வெண்டெல் முள்ளை எடுப்பது போலக் குனிந்துகொண்டார்.

"இன்னும் முடிவு பண்ணல."

"அந்த ஓக்ஸ் பையன் நல்லா எறியறானாமே. குவார்ட்டர்பேக்னு பந்து எறியற எடத்துல ஆடறானாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"முடி வெட்டற எடத்துல. ஊரே அவனைத்தான் சொல்லுது. அவனை எடுத்துடு வெண்டெல். பத்து வருஷம் அவன் ஆடறப்பெல்லாம், இவனைக் கொண்டுவந்தது நோவிக்கின்னு சொல்லுவாங்க. போறப்ப ஒரு பேரோட போ."

"அதெல்லாம் அவ்வளவு சுலபம் இல்ல, பெர்னி. அவன் முழங்கை கொஞ்சம்…"

"முழங்கை கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் செய்யாத." அவள் உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தாமல் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "வழக்கம்போல இறங்கிப்போய், அடுத்த வருஷத்துக்குன்னு எதையாவது வாங்கி வெக்காத. அடுத்த வருஷம் நீ இருக்கமாட்ட. நீ இல்லாத வருஷத்துக்கு உனக்கு எதுக்கு இடம்?"

"நான் எதுக்கு வாங்கப்போறேன்?"

"அப்படி வாங்கி வெச்சா, உன்னை விடமாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

வெண்டெல் அடுத்த துண்டு மீனை எடுத்துக்கொண்டார். தன் திட்டம் சரியா என்று அவருக்கு அதுவரை ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத பெர்னடினுக்கே அது பயமாக இருக்கிறதென்றால், அது வேலை செய்யும்.

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பத்துப் பேர் நடுவில், "இவர் ஓக்ஸைத்தான் எடுக்கப்போறார்" என்றாள். ஓக்ஸின் பெயருக்கு எத்தனை எழுத்து என்று கேட்டு ஒரு கேக்குக்குச் சொல்லி வைத்தாள். தேர்வுக்கு முதல் நாள் காலை, வெண்டெல் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அந்தப் பையனைத்தானே?"

"அந்தப் பையனைத்தான்."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

வெண்டெல் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எதிரணி மேலாளர்களிடம் பதினேழு வருஷம் பொய் சொன்னவர். ஆனால் அன்று நல்ல மனுஷிக்குத் துரோகம் செய்கிறோம் என்று ஆபீஸ் போகும்வரை மனசு அரித்தது. அங்கே போனதும் வேலை வந்து அதைத் துடைத்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை தேர்வு அறையில் அவருக்கு வலது பக்கம் நஜ்லா கோரி உட்கார்ந்திருந்தாள். உதவி மேலாளர், முப்பத்தெட்டு வயது. அப்பாவின் ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசக் கற்றவள். பதினோரு வருஷம் முன்பு வெண்டெல்தான் அவளை வேலைக்கு எடுத்தார். முதல் நால்வரில் ஓக்ஸ் போகவில்லை. மில்லர்ஸின் முறை வந்தது. முடிவு சொல்லப் பத்து நிமிஷம்.

போன் அடித்தது. எல் பாசோ அணி. அவர்களுக்கு ஓக்ஸ் வேண்டும். ஐந்தாம் இடத்துக்கு ஈடாகத் தங்கள் பத்தொன்பதாம் இடத்தையும், அடுத்த வருஷத்து முதல் சுற்று இடத்தையும் தருவதாகச் சொன்னார்கள்.

வெண்டெல் போனைக் கையால் மூடினார். நஜ்லா தன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுக்கடுத்த வருஷத்ததையும் கேளுங்க, பாஸ்."

"குடுப்பானா?"

"குடுப்பான். அவனுக்கு வேற வழியில்ல. நமக்கு நேரம் இருக்கு."

கேட்டார். மறுமுனையில் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. பிறகு சரி என்றார்கள்.

வெளியே மைதானத்தில் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பத்தாயிரம் பேர் ஊளையிட்ட சத்தம், மூடிய கண்ணாடி ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. பத்தொன்பதாவதாக அயோவாவிலிருந்து ஒரு தடிமனான தடுப்பாட்டக்காரனை எடுத்தார்கள். அவனுக்கு யாரும் கேக் சொல்லியிருக்கவில்லை. வெண்டெலுக்கு மனசு நிறைந்திருந்தது. நஜ்லாவின் விசுவாசத்தை நினைத்து நெகிழ்ந்துபோய், அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை உணவின்போது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த சோக முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன பண்றது பெர்னி. கடைசி நிமிஷத்துல அப்படி ஆயிடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முதல் சுற்று இடம் கையில வந்து விழுந்துடுச்சு."

"ரெண்டா?" என்றாள் அவள்.

"ரெண்டு."

அவள் முட்டையைத் திருப்பிப் போட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "சரி, போனது போகட்டும்" என்று சொல்லி, அவர் தட்டில் இரண்டு முட்டையாக வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவருக்கு ஒரு முட்டைதான் அனுமதி. சோகத்தில் கணக்கை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று வெண்டெல் பரிதாபப்பட்டார்.

திங்கட்கிழமை காலை ஹாலோவெல் கூப்பிட்டு அனுப்பினார். வெண்டெல் புதுக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனார். கொஞ்சம் தயங்குவது போல நடித்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். முதலாளி எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெண்டெல், உன்னை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததில்ல. போறப்ப யார் இப்படிச் செய்வாங்க?"

"எப்படி, சார்?"

"வர்ற ஆளுக்கு வீட்டைப் பெருக்கி, அரிசி பருப்பு வாங்கி வெச்சுட்டுப் போற மாதிரி. ஜனவரில நஜ்லாவைக் கூப்பிட்டு உன் எடத்துக்கு வர்றியான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டா. அலமாரி காலியா இருக்கு, அடுத்த வருஷத்துக்கு முதல் சுற்று இடமே இல்ல, வெறுங்கையோட நான் ஏன் வந்து கெட்ட பேர் வாங்கணும்னா. நானும் உன்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேக்கலாம்னுதான் இருந்தேன். பெர்னடின்கிட்ட மொதல்ல ஒரு வார்த்தை கேட்டுப்போம்னு போன் பண்ணினேன்."

வெண்டெல் உட்கார்ந்துகொண்டார்.

"அவங்க சொன்னாங்க, கவலைப்படாதீங்க, அலமாரி நிரம்பும், நீங்க மட்டும் அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்கன்னு. நஜ்லா இன்னிக்குக் காலையில கையெழுத்துப் போட்டுட்டா."

வெண்டெல் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. பெர்னடின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் கழுத்துப்பட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"ஓக்ஸை எடுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நான் நெஜமாவே எடுத்திருந்தா?"

"எடுத்திருக்கமாட்ட."

"அவ்வளவு நிச்சயமா?"

"இந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் நான் எடுன்னு சொன்னதை நீ எதை எடுத்திருக்க, வெண்டெல்?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"முகத்தைப் பார்த்துச் சொல்லுன்னு சொன்னியே. அன்னிக்கு ஆபீஸ் போறவரைக்கும் எனக்கு மனசு சரியில்ல."

"எனக்கும்தான்" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "நவம்பர்ல ஆஸ்பத்திரி நாற்காலியில பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளிய வந்தப்ப, அவர் வாயைப் பார்க்காம ஷூவைப் பார்த்துக்கிட்டிருந்தேன். என்ன சொல்லப்போறாரோன்னு. அந்த நாற்காலியில இன்னொரு தடவை என்னால உட்கார முடியாது. நான் நேரா கேட்டிருந்தா நீ விட்டிருக்கமாட்ட. அதான்."

வெண்டெல் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கு சீவத் தொடங்கினார். தடிமனாகச் சீவினார். இரண்டு கிழங்கு முடிந்தது.

"வீட்டுல சும்மா உட்கார்ந்தா நான் செத்துடுவேன், பெர்னி. வெளையாட்டுக்குச் சொல்லல."

"தெரியும்."

இதில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது அவருக்கு. பழைய கைப்பழக்கம் திரும்பி வந்தது. முதலில் நிறையக் கேட்க வேண்டும்.

"வாரத்துல மூணு நாள் போய் நஜ்லாவுக்கு யோசனை சொல்றேன். சம்பளம்கூட வேணாம்."

"முடியாது."

"ரெண்டு நாள்."

"முடியவே முடியாது."

"சரி. ஒரே ஒரு நாள். அதுவும் எந்த நாள்னு நீயே சொல்லு."

பெர்னடின் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பெரிதாக மூச்சு விட்டாள்.

"செவ்வாய்க்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கணும்."

"பன்னெண்டரைக்கு இருப்பேன்."

வெண்டெல் எழுந்தார். கையில் ஒன்றுமே இல்லாமல் பேரத்தில் உட்கார்ந்து ஒரு முழு நாளைக் கறந்திருக்கிறார். ஆள் இன்னும் தேய்ந்துவிடவில்லை. நடையில் கொஞ்சம் மிடுக்கு வந்தது. கூடத்துக்குப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு நஜ்லாவுக்குப் போன் செய்தார்.

"நஜ்லா, வாழ்த்துகள். கேளு, வீட்டுல ரொம்பப் போராடி ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். வாரத்துல ஒரு நாள் வரப்போறேன்."

"செவ்வாய்தானே, பாஸ்? பன்னெண்டு மணிக்கு உங்களைக் கிளப்பி விட்டுடணும்னு உங்க வீட்டுல மார்ச்லயே சொல்லிட்டாங்க. மேஜைகூட போட்டாச்சு."