எத்தனால் மணந்த என் முதல் வண்டி

படித்தவனை ஏமாற்ற யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் உண்மையான பதிலைச் சொன்னால் போதும். மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு வாட்ச்மேன் ஆனவர். அம்மா நாலு வீட்டில் சமையல் வேலை. கரண்ட் பில்லோ மருந்துச் சீட்டோ எது வந்தாலும் என் பக்கம் நீட்டிவிடுவார்கள். நான் படித்துச் சொன்னால் அது அரசாங்கம் சொன்ன மாதிரி. (“புள்ள படிச்சிட்டுச் சொல்றான், நீ இன்னாத்துக்குக் குறுக்க பேசுற?” என்று அப்பா அம்மாவை அடக்குவார்.) வாலிப வயதில் இதைவிடப் பெரிய போதை கிடையாது. பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலையும் கிடைத்துவிட்டது. அதாவது, எது நல்லது எது பழுது என்று பார்த்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மேற்கொண்டு நடந்ததைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

வேலை வந்ததும் வண்டி ஆசை வந்தது. எங்கள் தெருவில், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பேரன் ஒருவன் லீவுக்கு வரும்போதெல்லாம் எருமை மாதிரி ஒரு பைக்கை ஓட்டுவான். அந்த ஆசையெல்லாம் எனக்கு இல்லை. என் பட்ஜெட்டுக்குப் புது வண்டியில் முன்சக்கரமும் ஹேண்டில்பாரும் வரும். ஆகவே பழைய வண்டி என்று முடிவானது.

முடிவானதும் நான் செய்தது ஆராய்ச்சி. பழைய வண்டி வாங்குவது எப்படி என்று யூடியூபில் எத்தனை காணொளி உண்டோ அத்தனையும் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்விகளைப் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி மனப்பாடம் செய்தேன். பார்த்த முதல் வண்டி கொசு மருந்து அடிக்கிற மாதிரி புகைந்தது. இரண்டாவது வண்டி நன்றாகத்தான் கிளம்பியது, ஆனால் நிற்கவில்லை. உரிமையாளரே பின்னால் ஓடிவந்து பிடித்தார். மூன்றாவதுதான் முத்தியால்பேட்டைச் சந்தில், மூர்த்தி என்று ஒரு அண்ணன் வீட்டு வாசலில் பளபளவென்று நின்றது.

“எந்த ரோட்டுல அதிகமா ஓடியிருக்குண்ணா?” என்று ஆரம்பித்தேன்.

“மரக்காணம், திண்டிவனம். அவ்ளோதான் தம்பி. டவுனுல நின்னு நின்னு ஓடுன வண்டி இல்ல இது.”

(நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்கு என்ஜின் கெடாது. காணொளியில் சொல்லியிருக்கிறார்கள்.)

“பெயிண்ட் கொஞ்சம்கூட மங்கலையே?”

“எப்புடி மங்கும்? வெயிலே பாத்ததில்ல. எல்லாம் ராத்திரி ஓட்டம்தான்.”

(குளிர்ந்த நேரத்தில் ஓடிய என்ஜின்! எனக்கு உள்ளே பூரித்தது.)

“அப்புறம் ஏன் விக்கிறீங்க?”

அவர் வாசற்படியைப் பார்த்தார். இடுப்பில் குழந்தையோடு அவர் மனைவி முறைத்துக்கொண்டு நின்றார். “அவ கொழந்த தலையில கைய வெச்சிச் சத்தியம் வாங்கிட்டா தம்பி. இனிமே ராத்திரியில அந்தப் பக்கம் போறதில்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பத்துக்காக இரவுப் பயணத்தையே துறந்த மனிதர்! இப்படிப்பட்டவர் வைத்திருந்த வண்டி எப்படி இருக்கும்!

“தம்பி, டேங்க பத்தி ஒண்ணு சொல்லிடுறேன்...” என்றார் அவர்.

“துரு இருக்கா?”

“துரு இல்ல. ஆனா...”

“துரு இல்லன்னா போதும்ணா” என்று நான் செயினுக்குப் போய்விட்டேன். அடுத்த கேள்வி செயின் பற்றியது. வரிசை மாறினால் எனக்கு மறந்துபோகும். டேங்க்குக்கு அடியில் கூடுதலாக ஒரு சின்னக் குழாய் இருந்ததைப் பார்த்துவிட்டு அதையும் கேட்டேன். “அது அவசரத்துக்கு. டவுனுல தொறந்துடாதீங்க” என்றார். ரிசர்வ் என்று புரிந்துகொண்டேன். வண்டி என் பட்ஜெட்டுக்குள் வந்தது. ஒரே வாரத்தில் ஆர்சி புத்தகத்தைப் பேர் மாற்றிவிட்டேன். ஊரில் பாதிப் பேர் வருஷக்கணக்கில் செய்யாமல் இழுத்தடிக்கிற வேலை அது. நானும் இழுத்தடித்திருக்கலாம்.

வண்டி ஓடியது. இரண்டு சின்ன விசேஷங்கள் மட்டும் இருந்தன. முதலாவது, டேங்க்கை நிரப்பச் சொன்னால் பங்க் பையன் பிடிக்க ஆரம்பித்ததுமே பொங்கி வழிந்துவிடும். இதனால் பெட்ரோல் செலவு குறையும் என்று நான் நம்பினேன். (ஆமாம். டேங்க் சின்னதாக இருந்தால் செலவு குறையும். பட்டப்படிப்பு படித்தவன் சொல்கிறேன்.) ஒருநாள் நெல்லித்தோப்பு சிக்னலில் பெட்ரோல் தீர்ந்து நின்றது. ஆட்டிப் பார்த்தேன், களக் களக் என்று உள்ளே சத்தம் கேட்டது. ஆனால் டவுனில் குழாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே? சொன்ன பேச்சு கேட்பவன் நான். களக் களக் என்று பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

இரண்டாவது விசேஷம் வாசம்.

“அண்ணா, வண்டியில இன்னா ஒரு மாதிரி நாத்தம்?” என்று தங்கை கவிதா கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகவே நான் படித்தேன் என்று தோன்றியது. “அது நாற்றமில்லை கவிதா. எத்தனால். இப்பொழுதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்து எடுப்பது” என்று விளக்கினேன். அவளுக்கு மலைப்பாக இருந்திருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கவிதாவுக்கு மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தங்கமானவன், அவளுக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா தணிகாசலம் மாமாதான் சிக்கல். தன் ஊரில் மதுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்து மூடவைத்தவர். மல்லு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சிரிப்பு கிடையாது. வீடு பார்க்க வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“எனக்கு நகநட்டு ஒண்ணும் வேணாங்க. ஒரே ஒரு கேள்விதான். பாண்டிச்சேரியில பொண்ணெடுக்கிறேன்னா எங்க ஊர்ல சிரிக்கிறான். எங்க பக்கத்துலேருந்து இங்க வந்தவன் எவனும் நேரா நடந்து திரும்புனதில்ல. ஒங்க வூட்டுல எப்புடி?”

அப்பா மில் காலத்தில் குடித்தவர்தான். மில் மூடியதோடு அதையும் மூடியவர். அதற்காக அம்மா வேண்டாத சாமி இல்லை. “இப்ப இந்த வூட்டுல அது கெடையாதுங்க” என்றார் அப்பா. அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கதவுக்குப் பின்னால் கவிதா மூச்சு விடவில்லை.

மாமா நம்பினாரா என்று தெரியவில்லை. “யோசிச்சிச் சொல்றேன்” என்று எழுந்துவிட்டார்.

அப்போதுதான் நான் குடும்பத்தைக் காப்பாற்றத் தீர்மானித்தேன். “பஸ்ஸெல்லாம் எதுக்கு மாமா? நானே ஊர் வரைக்கும் கொண்டுவந்து விடுறேன். வண்டி இருக்கு.”

வாங்கியதிலிருந்து வீடு, தட்டாஞ்சாவடி, வீடு என்றே ஓடிய வண்டி. முதல்முறையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கியது. மாமா பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காலாப்பட்டு தாண்டியதும் ஒரு மாற்றம். மெல்ல முன்னால் சாய்ந்து என் கன்னத்தருகே முகத்தைக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கக் கன்னம். நான் ஓட்டும் நேர்த்தியில் மனம் இளகி, பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நானும் கன்னத்தைக் கொஞ்சம் வாகாகக் காட்டினேன்.

கனகசெட்டிக்குளம் முடிந்து எல்லையைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. போலீஸ்காரர் கை காட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். எல்லா ஆவணமும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறவனுக்குக் கிடைக்கிற ஒரே சந்தோஷம் அதை யாராவது கேட்பதுதான். ஆனால் எஸ்.ஐ. ஆவணத்தைப் பார்க்கவில்லை. குனிந்து டேங்க்குக்கு அடியில் பார்த்தார். பிறகு தேங்காய் பார்க்கிற மாதிரி விரலை மடக்கித் தட்டினார். முன்பக்கம் ‘டங்’ என்றது. பின்பக்கம் ‘தொப்’ என்றது.

“இது இன்னா கொழா?”

“ரிசர்வ் சார். அவசரத்துக்கு மட்டும்தான் திறக்கணும்.”

“யாரு அவசரத்துக்கு?” என்று கேட்டுக்கொண்டே திறந்தார். ஒரு பாட்டில் மூடியில் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “மோந்து பாரு. இது இன்னாது?”

“பெட்ரோல் சார். எத்தனால் கலந்தது. கரும்பிலிருந்து தயாரிக்கப்படுகிறது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதற்காக...”

எஸ்.ஐ. என்னையே பார்த்தார். பிறகு திரும்பி, “ஏட்டய்யா, எல்லாரும் இங்க வாங்க” என்று கூப்பிட்டார். “தம்பி, இன்னொருவாட்டி சொல்லு.”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள்.

“டேய்” என்றார் எஸ்.ஐ. “இது சாராயம்டா.”

இடி விழுந்தது என்று எழுதுவார்களே, அப்படியெல்லாம் இல்லை. காது அடைத்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. தரக்கட்டுப்பாட்டு மூளை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது: மரக்காணம், ராத்திரி, அவசரம், களக் களக். டேங்க்கை நடுவில் தகடு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முன்னால் பெட்ரோல், பின்னால் சரக்கு. வண்டி யார் பேரில்? என் பேரில்.

எஸ்.ஐ.யின் பார்வை மாமா பக்கம் போனது. “பெரியவரே, எத்தினி வருஷமா இந்த லைன்ல இருக்கீங்க?”

“யாருய்யா லைன்ல இருக்கான்?” மாமாவின் குரல் கீச்சிட்டது. “நான் கடைய மூடச் சொல்லிப் போராடுனவன்யா!”

ஏட்டு உற்றுப் பார்த்தார். “ஆமா சார். மறியல்ல நம்ம ஜீப்பு முன்னாடி வந்து படுத்தாரே, அவருதான்.”

“அப்புடியா?” என்றார் எஸ்.ஐ. “கடைய மூடிட்டு ஹோம் டெலிவரியா பெரியவரே?”

மாமாவின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. கவிதா கதவுக்குப் பின்னால் நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது.

நல்லவேளை, மூர்த்தி அண்ணன் நம்பர் என்னிடம் இருந்தது. எஸ்.ஐ. ஸ்பீக்கரில் போட்டார். அந்த மனிதர் ஒன்றையும் மறைக்கவில்லை. “ஆமா சார், நம்ம பழைய வண்டிதான். நான் எல்லாத்தையும் வுட்டுட்டேன் சார். பின்னாடி கொஞ்சம் மிச்சம் இருந்திச்சி, எடுக்க மறந்துட்டேன். அந்தத் தம்பி ஒண்ணும் தெரியாதது சார். டேங்க பத்திச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அது செயினப் பத்திக் கேக்கப் போயிடுச்சி.”

அவரை நேரில் வரச் சொன்னார்கள். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வண்டி சாவடியிலேயே நின்றுவிட்டது. (“இந்தப் பையன உள்ள வெச்சா நம்மளுக்கே கிளாஸ் எடுப்பான் சார்” என்று ஏட்டு சொன்னது காதில் விழுந்தது.)

நானும் மாமாவும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஆளுக்கொரு திசையில் போகும் பஸ். கல்யாணம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்வது வேறு அர்த்தத்தில். வீட்டுக்குப் போய் எந்த வாயால் சொல்வேன்? மாமா என் பக்கம் திரும்பினார்.

“வரும்போதே வாட வந்திச்சி. நீ குடிச்சிட்டு ஓட்டுறியோன்னு ரெண்டு பக்கமும் மோந்து பாத்துக்கினே வந்தேன்.”

நான் காட்டிய கன்னம் எரிந்தது.

“நெசமாவே ஒனக்கு அந்த நாத்தம் இன்னான்னு தெரியலியா?”

“எத்தனால்னு நெனச்சேன் மாமா.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று ஒதுங்கினேன். அது சிரிப்பு. சிரித்துப் பழக்கமில்லாதவர் சிரித்தால் இருமல் மாதிரி வருமே, அப்படிச் சிரித்தார். “சாராயத்து மேலேயே ஒக்காந்து ஓட்டியிருக்கான், சாராயம்னு தெரியல! இப்புடி ஒரு புள்ளய வளத்த வூட்டுல நான் போயிக் குடிப்பீங்களான்னு கேட்டேனே. ஒங்கப்பாகிட்ட சொல்லு தம்பி, முகூர்த்தம் பாக்கச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து முதலில் முகூர்த்தத்தைச் சொல்லி, பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னேன். வண்டி போனதற்கு யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப... அந்த நாத்தம் வண்டியிலேருந்தா வந்திச்சி?”

“எந்த நாத்தம்?” என்றார் அப்பா.

“ராவானா வருதே. வண்டிய நடையில நிறுத்துறான், அதுக்குப் பக்கத்துல நீ படுக்கிற. நீதான் திரும்ப ஆரம்பிச்சிட்டேன்னு நெனச்சேன். கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்னு வாய மூடிக்கினு இருந்தேன்.”

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நானா? அடிப்பாவி. நான் இவன்னு நெனச்சேன்டி! சம்பளம் கையில வந்ததும் புள்ள கெட்டுட்டான்னு நெனச்சி டெய்லி வூட்டு கேட்டாண்ட நின்னு பாத்தேன், தள்ளாடுறானான்னு.”

எனக்கு அன்றைக்கு விழுந்த அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. நான் வரும்போது அவர் கேட்டில் நிற்பது வண்டியின் அழகைப் பார்க்க என்று நினைத்திருந்தேன். “ஏம்பா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“படிச்ச புள்ள, எப்புடிடா கேக்குறது?” என்றார்.

சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவர் மாதிரி மெல்ல அம்மா பக்கம் திரும்பினார். “அதானா? ரெண்டு மாசமா மீன் கொழம்புல எனக்கு வெறும் கொழம்பா ஊத்துன?”

அம்மா அடுப்படிக்குப் போனாள். கவிதாதான் முதலில் சிரித்தாள்.

கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் நான் நல்ல வண்டியாகவே ஒன்று வாங்கி ஓட்டுகிறேன். வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அப்பாவை அழைத்துப் போய் மோந்து பார்க்கச் சொன்னேன். தணிகாசலம் மாமா யார் வீட்டு விசேஷத்திலும் என்னை எழுப்பி நிறுத்தி எத்தனால் பற்றிப் பேசவைக்கிறார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மட்டும் இன்றைக்கும் மீன் குழம்பு வைத்த நாளில் அப்பாவின் தட்டில் ஒரு துண்டு குறைந்தால் அவர் சோற்றைப் பிசையமாட்டார். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சத்தமாகக் கேட்பார்:

“இப்ப எவன்டி வண்டி வாங்கியிருக்கான்?”