இரைச்சலே துணை

எங்கள் நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் நாணயமான இடம். அங்கே பொய் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. உண்மை சொல்வதற்கு மட்டும் இயக்குநரின் கையெழுத்து வேண்டும்.

குடிநீரில் பூச்சிமருந்து கலந்திருந்தால் குரோமடோகிராஃபி இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் ஒரு கோடு ஓடும். மருந்து வந்தால் சிகரமாக எழும். ஒன்றும் வராதபோதும் கோடு லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு இரைச்சல் என்று பெயர். சிகரம் இரைச்சலைப் போலப் பத்து மடங்கு உயர்ந்தால்தான் 'இவ்வளவு இருக்கிறது' என்று அளவு எழுதலாம். விதி அப்படி.

ஒருநாள் காலை வேதியியலாளர் அம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். கைக்குழந்தைக்காரி, பாவம்.

"சார், குழாய்த் தண்ணியில மருந்து! பன்னிரண்டு மடங்கு நிக்குது!"

இயக்குநர் நெற்றியைத் தடவினார். "சிகரத்தைக் குறைக்க முடியுமா?"

"தண்ணியச் சுத்தம் பண்ணினா குறையும் சார்."

"அதுக்கு டெண்டர் விடணும். இரைச்சலைக் கூட்ட முடியுமா?"

"இயந்திரத்துக்குள்ள மருந்தைக் கண்டுபிடிக்கிற விளக்கு பழசானா தானாக் கூடும். நேத்துதான் புதுசு மாத்தினோம்."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

பழைய விளக்கு குப்பைத்தொட்டியிலிருந்து சகல மரியாதைகளுடன் மீட்கப்பட்டது. கோடு குளிர்காய்ச்சல் கண்டதுபோல ஆடியது. அதே சிகரம் இப்போது நாலு மடங்குகூடத் தேறவில்லை. 'அளவிடத்தக்க அளவில் எதுவும் இல்லை' என்று அறிக்கை போயிற்று. தூய்மை விருது வந்தது. பக்கத்து ஊர் அதிகாரிகள் பார்த்துப் படிக்க வந்தார்கள். பழைய விளக்குக்கு ஒரே கிராக்கி! கிடைக்காதவர்கள் புது விளக்கை வாங்கி, இரவு பகலாக எரியவிட்டுப் பழசாக்கினார்கள்.

பிறகு ஊர் முழுக்க வயிற்றுவலி. ஜனங்கள் வாசலில் கூடினார்கள். இயக்குநர் ஜன்னலைத் திறந்து, "விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது. தெருவோட இரைச்சலைப் போலப் பத்து மடங்கு கேட்டாத்தான் புகாரைப் பதிவு பண்ண முடியும்" என்றார்.

விதியென்றால் எங்கள் ஜனங்கள் உயிரை விடுவார்கள். தெருவுக்கொரு ஒலிபெருக்கி கொண்டுவந்து கத்தினார்கள். ஒரு தெருவின் புகார் இன்னொரு தெருவுக்கு இரைச்சலாகிவிட்டதால் ஒன்றும் பதிவாகவில்லை. தொண்டை வறண்டவர்களுக்குக் கேன் தண்ணீர் கொடுக்கும்படி இயக்குநர் பெரிய மனசோடு உத்தரவிட்டார். தானும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வேதியியலாளர் அம்மாளைப் பார்த்தார்.

"குழாய்த் தண்ணிய நான் தொடுறதே இல்லம்மா."

"நானும்தான் சார். குழந்தைக்குக்கூடக் கேன் தண்ணிதான்."

இரண்டு கெட்டிக்காரர்களும் சிரித்துக்கொண்டார்கள். அப்போதுதான் இயக்குநரின் கண் கேனில் ஒட்டியிருந்த சீட்டில் பட்டது. 'அளவிடத்தக்க அளவில் எதுவும் இல்லை.' கீழே அவருடைய முத்திரை.

"இது... எந்த விளக்குல பார்த்ததும்மா?"

"இயந்திரத்துல இருக்கிறது அந்தப் பழைய விளக்குதானே சார்" என்று சொல்லும்போதே அம்மாளுக்குக் காலையில் குழந்தைக்குக் கொடுத்த புட்டி நினைவுக்கு வந்தது.

இருவரும் சேர்ந்து அலறினார்கள். நல்ல அலறல்தான். ஆனால் வெளியே இருந்த இரைச்சலுக்கு இரண்டு மடங்குகூடத் தேறாததால் பதிவாகவில்லை.