சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய்

யாருக்கும் அறிவுரை சொல்வதை நான் நிறுத்தி ஐந்து வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு நான் பேசிய பேச்சுக்குச் சாட்சிகள் இன்னும் நியூ ஜெர்சியில் நடமாடிக்கொண்டிருப்பதால், உண்மையை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அப்போது சைக்கிள் பைத்தியம். பைத்தியம் என்றால்கூடப் பரவாயில்லை, நான் அதைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் கேக் வெட்டுவதற்குள் நாலு பேரைப் பிடித்து, "ஒரு வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு கார்?" என்று ஆரம்பித்துவிடுவேன். (என்னைக் கண்டதும் சிலர் தட்டோடு பேஸ்மெண்ட்டுக்கு இறங்கிப் போவார்கள். கீழே ஏதோ விளையாட்டு நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.)

இத்தனைக்கும் என் சைக்கிள் அனுபவம் என்பது கோடைக்காலத்தில் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஏழு நிமிடம் மிதித்ததுதான். அக்டோபர் வந்தால் சைக்கிள் கராஜுக்குள் போய்விடும், கொள்கை மட்டும் வெளியே இருக்கும். இரண்டாவது கார் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ரேவதிக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த ஜனவரியில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழா, நாலு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில், சனிக்கிழமை பதினோரு மணிக்கு. எட்டு வயது மகள் யாழினிதான் கடவுள் வாழ்த்து பாடப்போகிறாள். முந்தைய வருடம் அவள் கும்மியடித்தபோது நான் கார் பார்க்கிங்கில் ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து உள்ளே போனால் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். "இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த "இட்ஸ் ஓகே" ஒரு வருடமாக எனக்குள் கிடந்து குடைந்தது.

விழாவுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, ஆர் யூ கமிங்? ஃபார் ரியல்?"

"சத்தியமா வருவேன்டா."

"லைக், இன்சைட்?"

கார் பார்க்கிங் வரைக்கும் வருவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே வருவேன், முதல் வரிசையில் உட்காருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணி. ரேவதி சமையல் கமிட்டி. காரின் பின் சீட்டில் யாழினியும் ஓர் அண்டாவும். முன் சீட்டில் இன்னொரு அண்டா, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. மிச்சம் நின்றது நானும், இந்தியக் கடையில் வாங்கிய ஆறடிக் கரும்பும்.

"இதெல்லாம் எறக்கி வச்சுட்டு நான் ரெண்டாவது ட்ரிப் வரேங்க. ரெடியா இருங்க" என்றாள் ரேவதி.

"எதுக்கு? நாலு மைல்தானே. நான் சைக்கிள்ல வந்துடறேன். கரும்பையும் கொண்டு வரேன்."

"வெளிய பதினோரு டிகிரிங்க."

(ஃபாரன்ஹீட். நம் ஊர்க் கணக்கில் மைனஸ் பன்னிரண்டு. நம் ஊரில் அப்படி ஒரு கணக்கே கிடையாது என்பது வேறு விஷயம்.)

"டென்மார்க்ல சின்னக் கொழந்தைங்க இந்தக் குளிர்ல சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போகுது, தெரியுமா?"

"அதுங்க போகுங்க. நீங்க போவீங்களா?"

கார் கிளம்பிவிட்டது. பின் கண்ணாடி வழியாக யாழினி என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

சைக்கிளை வெளியே எடுத்தால் மூன்று மாதக் கோபத்தில் கிறீச் கிறீச் என்று கத்தியது. செயினுக்குப் போடும் எண்ணெய் வீட்டில் இல்லை. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் (வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில், அதனால் பல இயந்திரங்கள் பிழைத்தன). சைக்கிளை ஹாலுக்குக் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய் டப்பா பாறையாக உறைந்திருந்தது. அதைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, செயினுக்கு ஊற்றினேன், பின் சக்கரத்து ஃப்ரீவீலுக்கு ஊற்றினேன், பிரேக் வயர் நுழையும் ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக விட்டேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லை! என் திறமையை நானே மெச்சிக்கொண்டு, மிச்சத்தைத் தலையிலும் மீசையிலும் புருவத்திலும் கன்னத்திலும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். பனிக்காலத்தில் தோல் வெடிக்காமல் இருக்க எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்குகிறவன் நான். பத்து நிமிடம் முன்புகூட உருக்கினேன். வீட்டுக்குள்ளேயே உறைகிற எண்ணெய் வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த அளவுக்கு யோசிக்காமல் இருப்பதற்கு நாலு வருடம் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டும்.

உள்ளே தெர்மல் பேண்ட், மேலே மடித்துக் கட்டிய பட்டு வேட்டி, அதற்கு மேல் ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளர். குல்லா போட்டால் ஹெல்மெட் ஏறவில்லை. குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கு பார்த்தாலும் ஓட்டையாக இருந்த கோடைக்கால ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கரும்பை ஹேண்டில்பாரிலிருந்து கேரியர் வரை நீளவாக்கில் கட்டினேன். தோகை பின்னால் ஆட, பத்தேகாலுக்குக் கிளம்பினேன்.

முதல் அரை மைல் பிரமாதம். இரண்டாவது அரை மைலில் என் காதுகள் எங்கே என்று தெரியவில்லை. மூக்குக்குள் ஏதோ குத்தியது. கண்ணில் வந்த தண்ணீர் இமையிலேயே ஒட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டினால் திறக்க ஒரு விநாடி தாமதமானது. ஆனாலும் நான் மிதித்தேன். ரயில் பாலத்துக்கு அடியில் சாலை சரசரவென்று இறங்கும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தேன்.

பிரேக் அசையவில்லை.

விரல்தான் மரத்துவிட்டது என்று நினைத்து இரண்டு கைகளாலும் நெரித்தேன். கல்லாக நின்றது. கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரில் வண்டியை நிறுத்துவதற்குச் சுவர் உண்டு, மாடு உண்டு, தெரிந்தவர் யாராவது உண்டு. இங்கே இருந்தது பனி வண்டிக்காரர்கள் சாலையோரம் ஒதுக்கிக் குவித்த ஆளுயரப் பனி மேடு ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் போனேன். இடுப்பு வரை நான் உள்ளே, வேட்டி வெளியே.

எழுந்து பார்த்தேன். கை கால் இருந்தது, கரும்பும் உடையவில்லை. ஏறி மிதித்தால் பெடல் சுற்றியது, செயின் சுற்றியது, பின் சக்கரம் மட்டும் அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நின்றது. ஃப்ரீவீலுக்குள் நான் ஊற்றியது மெழுகாகி எல்லாவற்றையும் அப்பிப் பிடித்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இரண்டரை மைல். மணி பத்தரை தாண்டியிருந்தது. ரேவதிக்கு போன் செய்யலாம் என்றால் முழு சார்ஜோடு கிளம்பிய போன் குளிரில் செத்திருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். ஒரு பிக்கப் டிரக் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த பெரியவர் என் கோலத்தைப் பார்த்துப் பதறி, ஏறிக்கொள்ளச் சொன்னார். சைக்கிளும் கரும்பும் நானும் சௌகரியமாகப் போகக்கூடிய வண்டி. உள்ளேயிருந்து வெதுவெதுவென்று காற்று வேறு வந்தது.

"நோ, நோ. ஐ என்ஜாய் சைக்கிளிங்" என்றேன்.

கொள்கை! தாடை மரத்திருந்ததால் அவர் காதில் என்ன விழுந்ததோ, பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் வளைவில் திரும்பி மறைந்த அந்த விநாடியில் யாழினியின் "லைக், இன்சைட்?" ஞாபகம் வந்தது. அப்போது என்னை நானே அறைந்துகொள்ள ஆசைப்பட்டேன். கை மடங்கவில்லை. ஒரு பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைவிடப் பனியில் என் வீம்பு பெரிதாகப் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தைப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. எல்லாம் முடிந்திருக்கும். சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, நடக்க முடியாமல் கரும்பை அவிழ்த்து ஊன்றிக்கொண்டேன். முன்வாசல் கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. பக்கவாட்டில் ஒரு கதவு, அண்டா தூக்கி வருகிறவர்களுக்காகத் திறந்திருந்தது. அதற்குள் நுழைந்தேன், ஓர் இருட்டு நடைபாதையைத் தாண்டினேன், வெளிச்சம் தெரிந்த பக்கமாக நடந்தேன்.

அது மேடை.

திரை விலகியிருந்தது. எதிரே இருநூறு பேர் உட்கார்ந்து அலுத்துப்போய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழா இன்னும் தொடங்கவே இல்லை! (நம்மவர்களின் நேரம் தவறும் வழக்கத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை.) நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒருவர் கைதட்டினார். உடனே அரங்கமே தட்டியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் தலை, மீசை, புருவம் மூன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தது பிறகு போட்டோவில்தான் எனக்குத் தெரிந்தது. பட்டு வேட்டி, மஃப்ளர், ஊன்றிய கரும்பு, கூனிய முதுகு. நாடகத்தில் வரும் தாத்தா என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"மேக்கப் யாருப்பா? சூப்பர்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"யாழினி எங்கே?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "யாயி... யெங்ங..." என்று வந்தது. பொக்கைவாய் நடிப்பு என்று நினைத்து விசிலடித்தார்கள். அந்த நேரம் பார்த்து மேடை விளக்குகளின் சூட்டில் எண்ணெய் உருகத் தொடங்கியது. முதலில் மீசை கறுத்தது. பிறகு ஒரு புருவம். நெற்றியிலிருந்து எண்ணெய் வழிய வழிய, எழுபது வயதுக் கிழவன் இருநூறு பேர் கண்ணெதிரே நாற்பது வயதானான். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் யாழினி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, யூ ஆர் லீக்கிங்" என்றாள்.

பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு கணீரென்று பாடினாள். எனக்கு இறங்கிப் போகக் காலில் உணர்வில்லை. அவள் பக்கத்திலேயே கரும்போடு நின்று, எண்ணெய் சொட்டச் சொட்ட முழுப் பாட்டையும் கேட்டேன். முதல் வரிசைக்கும் முன்னால்.

திரும்பி வரும்போது இரண்டு அண்டாக்களையும் மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாழினி தூங்கிவிட்டாள். ரேவதி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"நிகழ்ச்சி ஏன் லேட் தெரியுமா?" என்றாள்.

"நம்ம ஆளுங்க என்னைக்கு டயத்துக்கு..."

"பதினோரு மணிக்கு எல்லாம் ரெடிங்க. இவ பாத்ரூமுக்குள்ள போய்க் கதவ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. கடவுள் வாழ்த்து இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது? வேற பிள்ளைங்கள கேட்டா, இது யாழினி பாட்டு, நாங்க பாடமாட்டோம்னுடுச்சுங்க. பானு டீச்சர் நாப்பது நிமிஷம் கதவுகிட்ட நின்னு கெஞ்சியிருக்காங்க. ஒரே பதில்தான். நாட் டில் மை டாட் கம்ஸ்."

நான் கழுத்தை மட்டும் திருப்பி, பின்னால் தூங்குகிறவளைப் பார்த்தேன்.

"கடைசியில கைதட்டல் சத்தம் கேட்டு வந்த டீச்சர் உங்கள மேடையில பாத்துட்டுத் திரும்ப ஓடிப்போய், 'அப்பா வந்தாச்சு, வெளிய வா!'ன்னு கத்தினப்புறம்தான் கதவு தொறந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் இறங்கிவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ரேவதி நம்பியதுபோல் இருந்துவிட்டாள்.

அடுத்த மாதமே இரண்டாவது கார் வந்தது. அதைப் பற்றி வீட்டில் விவாதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பானு டீச்சரின் அந்த ஒரு வரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. யார் பாத்ரூமில் அதிக நேரம் எடுத்துக்கொண்டாலும் மற்றவர்கள் கதவைத் தட்டி, "அப்பா வந்தாச்சு, வெளிய வா!" என்று கத்துவோம். விருந்தினர்கள் முழிப்பார்கள். யாழினிக்கு இப்போது பதின்மூன்று வயது. எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், இந்த ஒன்றை மட்டும் சுத்தத் தமிழ்க் குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். உள்ளே இருப்பது நானாக இருந்தாலும் இதே வரிதான். நானும் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட உள்ளே இருப்பதில்லை.