நிர்வைல் சிங்கின் ரத்தத்தில் ஏறிய எண்

“முப்பத்தொண்ணா? போன தடவை பதினெட்டுதானே இருந்துச்சு!”

மோகாவில் டிராக்டர் பழுது பார்க்கும் நிர்வைல் சிங், பரிசோதனைத் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

கோதுமை குடலுக்கு ஆகாத சீலியாக் நோய் அவருக்கு. உள்ளே புண் ஆறுகிறதா என்பதை ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் எண் சொல்லும். கோதுமையை விட்டு ஆறு மாதமாகியும் எண் இறங்கவில்லை.

“எங்கிருந்தோ கோதுமை உள்ள போகுது,” என்றார் டாக்டர் பல்லா.

மனைவி சிம்ரஜீத் தனித் தவா வாங்கினாள். பிறகு வீட்டிலிருந்த கோதுமை மாவு முழுவதையும் அண்டை வீட்டுக்குக் கொடுத்தாள். மூன்று வேளையும் மக்காச்சோள ரொட்டிதான்.

அடுத்த பரிசோதனையில் எண் நாற்பது.

“பட்டறையில மைதா குல்ச்சா திங்கிறீங்க. சத்தியமாச் சொல்லுங்க சர்தார்ஜி!”

“குருவாணை இல்ல! நீதான் பழைய கரண்டியப் போட்டுக் கிண்டுற.”

“நானா? உங்களுக்காக நானும் மாசக்கணக்கா பராட்டா வாசனைகூடப் பிடிக்கல!”

“யாரு கண்டா?”

அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. சிம்ரஜீத் பெட்டியை எடுத்துக்கொண்டு பர்னாலாவிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நிர்வைல் சிங் சளைக்கவில்லை. பட்டறையில் டீகூடக் குடிக்காமல், அவரே மாவு பிசைந்து, அவரே தட்டி, மக்காச்சோள ரொட்டி ஒன்றையே தின்றார். வேளைக்கு ஆறு.

எண் ஐம்பத்துநாலு.

சமையலறையில் அவள் இல்லாதபோதே இப்படி என்றால், அவள்மேல் என்ன தப்பு? வெட்கமாக இருந்தது. போனில் கூப்பிட்டார்.

“நான் சொன்னது தப்பு. நாளைக்கு வந்து கூட்டிட்டு வர்றேன்.”

“மாவு இருக்கா வீட்ல?” என்று மட்டும் கேட்டாள் அவள்.

உடனே தர்ஸேமின் மாவு மில்லுக்கு ஓடினார். வழக்கமாக அவருக்கு மக்காச்சோளம் அரைத்துத் தருபவன் அவன். மனைவி கோபித்துக்கொண்டு போனதைக் கொட்டித் தீர்த்தார். தர்ஸேம் கண்கலங்கியபடி மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டான்.

“கவலைப்படாதீங்க வீர்ஜி. தனியா ரொட்டி தட்டிக் கஷ்டப்படுறீங்கன்னு ஊரே சொல்லுச்சு. உடையாம வரட்டும்னு, எப்பவும் கலக்குறதைவிட ரெண்டு கை கோதுமை மாவு கூடவே போட்டிருக்கேன்.”