மாற்று மாமன்

வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். நான் அதை மகளின் காதுகுத்து வரைக்கும் கொண்டுவந்தவன்.

எனக்கு ஐரோலியில் வேலை. பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக்கி, பல ஊர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுத்த நேரத்துக்குள் விடையைச் சேர்த்துத் தர வேண்டும். தாமதமானால் அபராதம். அதனால் ஒரு விதி உண்டு. ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால் அதே துண்டை இன்னொன்றுக்கும் கொடுத்துவிட வேண்டும். எது முதலில் வருகிறதோ அது போதும்; மற்றதை ரத்து செய்துவிடலாம். கம்ப்யூட்டர்கள் இதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

காதுகுத்து தாராவியில், எங்கள் தெரு அம்மன் கோயிலில். ராகு காலத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும். குழந்தையை மடியில் வைக்க வேண்டியவர் தாய்மாமன், அதாவது என் மனைவி செல்வியின் ஒரே அண்ணன். அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. (லோக்கல் ரயில் கூட்டத்தில் சீர்த்தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் எந்தக் கையால் எடுப்பார்? அதையெல்லாம் யோசிக்க எனக்குப் பயிற்சி தரப்படவில்லை.) நான் பதறவில்லை. செல்வியின் சித்தப்பா மகனை நெருளிலிருந்து வரவழைத்தேன். அது வேறு ரயில் பாதை. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். பொங்கல் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செல்வியிடம் இதைச் சொல்லித் தொந்தரவு செய்யவில்லை.

நெருள் முதலில் வந்தார். அவர் மடியில் வைத்து ஆசாரி வலது காதைக் குத்தி நிமிர்ந்தபோது, அம்பர்நாத் மச்சான் தட்டோடு வாசலில் நின்றார்.

"என்ன மாப்ள இது?"

நிதானமாக விளக்கினேன். "ஒண்ணுமில்ல மச்சான். நீங்க போன் எடுக்கல. அதான் உங்க வேலைய கேன்சல் பண்ணிட்டேன்."

(இதே வாக்கியத்துக்கு அலுவலகத்தில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.)

அவர் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். தட்டைப் படியில் வைத்தார். "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

செல்வி கரண்டியோடு ஓடிவந்தாள். "எங்கண்ணன் என்ன உங்க கம்ப்யூட்டரா? ஆசாரி, அடுத்த காதத் தொடாதீய!"

"ராகு காலம் வந்துரும் தாயி."

"ராகுவ நான் பாத்துக்கிடுதேன்."

சயான் ஸ்டேஷன் போகும் வழியில் அண்ணனை மறித்து, அழுது, கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் ராகு காலம் தொடங்கி நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. இடது காது அவர் மடியில் குத்தப்பட்டது. குழந்தை இரண்டு மடியிலும் பாரபட்சமில்லாமல் அழுதாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். ஹோம்வொர்க் செய்யச் சொன்னால் வலது காதைப் பொத்திக்கொண்டு, "இது நெருள் மாமா காது" என்கிறாள். இடது காதில் சொன்னால், "அரே பப்பா, இது அம்பர்நாத் மாமா காது. மொதல்ல அவர்கிட்ட கேளுங்க" என்கிறாள். வீடே சிரிக்கிறது. நான் மச்சானுக்கு போன் போடுகிறேன். அவர் எடுக்கும்வரை போடுகிறேன்.