லென்ஸுக்குப் பூட்டுப் போடும் முன்

லூனாஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் தேவனுக்கு, உன் அக்காளைக் கட்டிய பக்கிரிசாமி எழுதுவது. இங்கே நானும் மருதம்மாளும் சௌக்கியம். பண்டார் பாருவில் நீயும் சாந்தினியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று இங்குள்ள மாரியம்மனை, இந்த முறை நேருக்கு நேர் முகம் பார்த்தே, வேண்டிக்கொண்டேன். போன தடவைகளில் ஏன் முகம் பார்க்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். நான் குரல் பதிவு அனுப்பினால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக சாந்தினியே சொல்லியிருக்கிறாள். இது அப்படிக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. இரண்டாவது காரணம், இதை நான் மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். வரி கோணாமல் போகிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

முதலில் முக்கியமான சேதி. நாளை திங்கட்கிழமை முதல் நீ வர வேண்டியதில்லை. எட்டு மாதமாகத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒர்க்‌ஷாப்பைப் பாதி நாள் அடைத்துவிட்டு, பண்டார் பாருவிலிருந்து இங்கே வந்து, உன் அக்காளைக் கூலிமுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறாய். ஒரு நாள்கூட நீ முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு வேதனை. முப்பத்து நான்கு வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டி, ஊரான் பெண்டு பிள்ளைகளையெல்லாம் ஷிஃப்டுக்கு நேரத்தோடு கொண்டுபோய் இறக்கியவன், கட்டிய மனைவியை ஐந்து மைல் கூட்டிப்போக வக்கில்லாமல் பின் சீட்டில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதைச் சொல்கிறேன். இனிமேல் உன் அக்காளை நான்தான் கூட்டிப்போவேன். அவள் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

சாவியைப் பிடுங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். சிம்பாங்கில், மூன்று ரோடு கூடுகிற இடத்தில், ஒருத்தர் வழி விடாமல் நின்றார், நான் ஹாரன் அடித்தேன், அதற்குப் போய் உன் அக்காள் கோபித்துக்கொண்டாள் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒருத்தர், தேர்தலுக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட பேனர். ஆளுயரத்துக்குக் கை கூப்பியபடி நின்றார். கை கூப்புகிறாரே தவிர நகர மாட்டேன் என்கிறாரே என்று நானும் இரண்டு நிமிஷம் விடாமல் அடித்தேன். கடைசியில் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "பெரிய மனுஷன்னா ரோட்டு நடுவுலதான் நிப்பீங்களா லா?" என்று கேட்டும்விட்டேன். அன்றைக்குத்தான் உன் அக்காள் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்தாள். கண்ணில் புரை என்று தெரிந்ததும் அதற்குப் பிறகுதான்.

பினாங்கில் கண் ஆஸ்பத்திரி பார்த்து, இந்தத் திருத்தக்கூடிய லென்ஸைப் பற்றி விசாரித்துச் சொன்னதே நீதான். சாதாரண லென்ஸ் என்றால் வைத்தது வைத்ததுதான். இதை வைத்த பிறகு, கண் ஆறியதும், ஒரு மாதிரி வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்வைக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம், எல்லாம் சரி என்றதும் கடைசியாக அதே வெளிச்சத்தால் பூட்டிவிடுவார்கள், பூட்டிய பிறகு மாற்ற முடியாது என்று டாக்டர் ரூபினி படம் போட்டு விளக்கினார். எனக்கு அந்தப் பூட்டு என்ற ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு கண்ணுக்கும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலியே இல்லை. வலியெல்லாம் அதற்குப் பிறகு வந்த கண்ணாடியால்.

வெயில் வெளிச்சம் பட்டால் லென்ஸ் தானாக மாறிக்கொள்ளுமாம். அதனால் பூட்டுகிற வரைக்கும் ஆஸ்பத்திரி கொடுத்த கண்ணாடியைத் தூங்கும் நேரம் தவிர எந்நேரமும் போட்டிருக்க வேண்டும். உன் அக்காள் இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கல்யாணம். கறுப்புக் கண்ணாடியோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். எனக்குக் கண்ணு நோவு, கிட்டே போனால் ஒட்டிக்கொள்ளும் என்று எவனோ கிளப்பிவிட்டான். பத்துப் பேர் உட்காரும் மேசையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் தூரத்திலிருந்தே கும்பிட்டார்கள். பாயசம் மட்டும் தாராளமாக வந்தது, எங்கள் மேசைக்கு வந்ததை வேறு மேசையில் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதால். கோயிலில் இன்னும் மோசம். சூடத்தட்டின் வெளிச்சம் லென்ஸை மாற்றுமா மாற்றாதா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன். எதற்கு வம்பு என்று, தீபாராதனை காட்டும் நேரத்தில் பொசுக்கென்று திரும்பி நின்றுகொண்டேன். பூசாரி சும்மா இருப்பாரா, "என்னண்ணே, எல்லாரும் அம்மாவப் பாக்க வராங்க, நீங்க கார் பார்க்கிங்கப் பாக்க வந்தீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நாலு வெள்ளிக்கிழமை இப்படியே முதுகு காட்டினேன். பின்னால் டாக்டரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, கண்ணாடி போட்டிருந்தால் சூடத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்றார்.

இதுவரைக்கும் உனக்கு அரைகுறையாகவாவது தெரிந்த கதை. தெரியாத கதை இனிமேல்தான் வருகிறது, தேவா. கோபப்படாமல் படி.

முதல் தடவை வெளிச்சம் பாய்ச்சிவிட்டு வரும் வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே, "மச்சான், முன்னால இருக்கிற போர்டு தெரியுதா?" என்று கேட்டாய். "தெளிவா தெரியுது லா" என்றேன். பச்சையாக ஏதோ இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பட்ட பிறகு கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் ரோஸ் கலராகத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் அந்தப் பச்சையிலும் எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியும் தெளியவில்லை. தெளியாததற்கு டாக்டர் காரணமில்லை, லென்ஸ் காரணமில்லை. நான்தான்.

உனக்குப் பஸ் லைசன்ஸ் எடுத்த அனுபவம் இல்லை. எடுத்தவனுக்குத்தான் தெரியும், கண் பரிசோதனை என்றால் வயிற்றுப் பிழைப்பு. ஒரு எழுத்துத் தப்பினால் வண்டி போச்சு, வேலை போச்சு. அந்தக் காலத்தில் நாங்கள் போகிற கிளினிக்கில் ஒரே ஒரு அட்டை, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும். அதை நானும் சக டிரைவர்களும் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து பாராமல் ஒப்பிப்போம். எனக்குக் கண் நன்றாக இருந்த காலத்திலேயே ஒப்பித்துத்தான் பாஸ் பண்ணினேன், ஒரு தைரியத்துக்கு. பழக்கம் விடுமா? பினாங்கில் எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கடைசி வரி எழுத்துக்களைச் சத்தமாகப் படித்தார். என் மண்டைக்குள் தானாகவே பதிந்துவிட்டது. என் முறை வந்ததும் அந்த வரியை அப்படியே கொட்டினேன். பரிசோதிக்கிற பெண் சாஃபியா, கூலிம்காரப் பிள்ளை, "அடேயப்பா அங்கிள்!" என்று கைதட்டியது. அப்புறம் கண்ணுக்கு முன்னால் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா என்று கேட்டது. எனக்கு இரண்டும் ஒரே மாதிரி. ஆனால் எந்தப் பதில் சரியான பதில் என்று அந்தப் பிள்ளையின் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கே கொஞ்சம் உற்சாகமாகக் கேட்டதோ அதையெல்லாம் நல்லா இருக்கு என்றேன்.

டாக்டர் ரூபினி தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "மெஷின் ஒண்ணு சொல்லுது, அங்கிள் வேற சொல்றீங்க. பார்க்கிறது நீங்கதானே? நான் உங்களைத்தான் நம்புவேன்" என்று சொல்லி, நான் சொன்ன கணக்குப்படியே வெளிச்சம் வைத்தார். என்னை நம்பினார், தேவா. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் பூட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. பூட்டிவிட்டால் பூட்டியதுதான். உன் அக்காள் காலம் முழுக்க இன்னொருத்தர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லலாம் என்றால், அத்தனை பெரிய டாக்டரை ஏமாற்றினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லக் கூடாது, சமாளித்துக்கொள்வோம் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இப்படி நினைத்து நினைத்தே அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது. நீ எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

நாற்காலியில் உட்கார வைத்தது சாஃபியா. அறையில் விளக்கை அணைத்தது. "ரெடியா அங்கிள்?" என்றது. பயத்தில் எனக்கு வாய் முந்திக்கொண்டது. கடைசி வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தேன். பிறகு அந்தப் பிள்ளை மெதுவாக, "அங்கிள், நான் இன்னும் ஸ்கிரீனே ஆன் பண்ணல" என்றது.

உன் அக்காள் அப்படியே தலையில் கை வைத்தாள். "ஐயோ, கண்ணு டெஸ்டுலயும் பிட் அடிச்சீங்களா?" என்று கேட்டாள். டாக்டர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லைசன்ஸ் அட்டை, சீனப் பெரியவர், ஒண்ணா ரெண்டா என்று குரலை வைத்துக் கணித்தது, உன்னிடம் போர்டு தெரிகிறது என்று பொய் சொன்னது, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "இங்க ஃபெயில்னு ஒண்ணு கிடையாது அங்கிள். தெரியலன்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு வேலையே. இன்னும் பூட்டல, இன்னும் திருத்தலாம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பார்க்கணும்?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் என்ன தெரிகிறது என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். என்ன பார்க்கணும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "ரோடு பார்க்கணும் டாக்டர். இவளைக் கூலிமுக்குக் கூட்டிட்டுப் போகணும். இவ மருந்து டப்பாவுல இருக்கிற எழுத்தும் பார்க்கணும், போன மாசம் காலை மாத்திரைய ராத்திரி கொடுத்துட்டேன்" என்றேன். டாக்டர், "ரெண்டும் செய்யலாம். வலது கண்ணைத் தூரத்துக்கும் இடது கண்ணைக் கிட்டத்துக்கும் வச்சிடுவோம்" என்றார். அன்றைக்கு நான் ஐம்பது தடவை தெரியலை என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாகத் தெரியலை என்று நான் சொன்னதே இல்லை.

பிறகு இரண்டு தடவை திருத்தினார்கள், இரண்டு தடவை போய்ப் பூட்டிக்கொண்டு வந்தோம். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாயிற்று. போன வெள்ளிக்கிழமை உன் மச்சினன் கல்யாணத்துக்காக நீ வர முடியாமல் போனபோது, நானே வண்டியை எடுத்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், வண்டி தண்ணீர் போல போனது. செம்பனைத் தோட்டத்து ஓரம், பாலம், பெரிய சிம்பாங், எல்லாம் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உன் அக்காள் வழி நெடுக வாயே திறக்கவில்லை, அவ்வளவு நிம்மதி. ஆகவே நாளையிலிருந்து நீ உன் ஒர்க்‌ஷாப்பை முழு நாளும் திறந்து வை. நீ செய்ததற்கு நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது, அதனால் எழுதாமல் விடுகிறேன்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல உத்தியோகத்துக்கு வரட்டும், உன் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்க இடம் போதாமல் போகட்டும், நீயும் சாந்தினியும் நூறு வயது வரை கண் குளிர எல்லாவற்றையும் பார்த்து வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு மச்சான்
பக்கிரிசாமி

பின்குறிப்பு: தம்பி தேவா, இது அக்கா. கடிதத்தை மடித்து உறையில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டேன். தபால் போய்ச் சேர நாள் ஆகும் என்பதால் படம் பிடித்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன். நாளைக்கு நீ அவசியம் வரவேண்டும். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இப்போது பிரச்சினை. வெள்ளிக்கிழமை வழியில் இருந்த போர்டு ஒன்று விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார். அடகுக்கடை, பல் டாக்டர், வீடு வாடகைக்கு, டியூஷன், காணாமல் போன பூனை. பூனைக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு போனார். நாற்பது நிமிஷம் தாமதம். டயாலிசிஸ் நர்ஸ் மிஸ்ஸி என்னைத் திட்டினாள். நான் வாயைத் திறக்காமல் வந்தது நிம்மதியில் இல்லை, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது என் முகத்தையே பார்த்துவிட்டு, தாடையில் இந்த மச்சம் உனக்கு எப்போது வந்தது என்று கேட்கிறார். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது, தம்பி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீ வந்து வண்டியை ஓட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வரட்டும். இங்கிருந்து கூலிம் வரைக்கும் உள்ள போர்டையெல்லாம் படித்து முடிக்க எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகு அவரே ஓட்டட்டும்.